மூன்றாம் பாகம் கிடைக்குமா, சம்பந்தியம்மா?

ஜூன் 4

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நான்தான், உங்கள் மகளுடைய மாமியார். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று என் கையெழுத்தைப் பார்த்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறுவீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. என் மகனும் உங்கள் மகளும் சுகம். பேத்தி சுகம். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. மன்னிப்புக் கேட்கவும் நான் எழுதவில்லை. கேட்க வேண்டிய ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஒரு புத்தகம் வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தையைத் தொடங்குவதற்குள் நீங்கள் அதை முடித்து வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

புத்தகத்தின் பெயர் ‘கண்ணைச் சிமிட்டாதே’. மொத்தம் ஆறு பாகம். இரண்டு முடித்துவிட்டேன். மூன்றாவது இல்லாமல் எனக்கு ஊசியில் நூல் கோக்க ஓடவில்லை.

விவரமாகவே சொல்கிறேன். என் தையல் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், பத்தொன்பது வயது. எந்நேரமும் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள், அதனால் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கெட்டிக்காரிதான். ஆனால் போன மாதம் பூராவும் காஜா எடுக்கச் சொன்னால் பொத்தான் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். ஒருநாள் குனிந்து பார்க்கிறேன், மெஷினுக்கு அடியில் முழங்கால் மேல் புத்தகம் விரித்திருக்கிறது. பிடுங்கிக்கொண்டேன்.

“என்னடி இது?”

“கதை, டீச்சர்.”

“என்ன கதை?”

“லவ் கதை.”

“மேல துணி வாயப் பொளந்துட்டுக் கெடக்கு, கீழ உனக்கு லவ்வா?”

அவள் பயப்படவில்லை. வாயிலிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டு, “டீச்சர், முதல் மூணு பக்கம் மட்டும் படிங்க. பிடிக்கலேன்னா கிழிச்சு பேட்டர்ன் வெட்ட வச்சுக்கங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு தீர்ந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அளவு நோட்டும் மருந்துச் சீட்டும்தான். வீட்டுக்குக் கொண்டுபோய், துணி அளக்கிற மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, புரியாத சொல் வந்தால் துணிக்குப் போடுகிற சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு, மெதுவாகப் படித்தேன். மூன்று பக்கத்துக்கு ஒரு மணி நேரம். நாலாவது பக்கத்தைத் திருப்பினபோதே தெரிந்துபோயிற்று, மாட்டிக்கொண்டேன் என்று.

ஒரு போட்டோ ஸ்டுடியோ. அப்பாவுக்குக் கை நடுக்கம், அதனால் மகள்தான் படம் எடுக்கிறாள். தலைமுடியை வைத்து அவளைச் சுருளி என்கிறார்கள். ஒரு பையன் வியாழக்கிழமை தவறாமல் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறான். எந்தத் தேசத்துக்கும் போகிறவன் இல்லை, அவளைப் பார்க்கத்தான் வருகிறான். அவளும் அவனுக்கு வியாழன் என்றே பெயர் வைத்துவிட்டாள். “கண்ணைச் சிமிட்டாதே” என்பதைத் தவிர எண்பது பக்கத்துக்கு அவனிடம் வேறு ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதற்குப் போய் அறுபத்து மூன்று வயதுக்காரி அழுவாளா? அழுதேன். இரண்டாம் பாகக் கடைசியில் அவனுக்கு நிஜமாகவே வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. நிஜமாகவே படம் வேண்டும். அவள் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். அங்கே நிறுத்திவிட்டாள், எழுதின புண்ணியவதி.

மூன்றாம் பாகத்தைக் குண்டூசியின் அக்கா கல்யாணமாகிப் போகும்போது கூடவே கொண்டுபோய்விட்டாளாம். கேட்டால், “புருஷனை வேணா ஒரு வாரம் அனுப்புறேன், புக்கைத் தர மாட்டேன்” என்கிறாளாம். கடையில் அச்சில் இல்லை என்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாத புத்தகமே கிடையாது என்று கல்யாணத்தன்றைக்கே நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

எழுதத் தொடங்கினதற்கு இதையும் எழுதிவிடுகிறேன். நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்ட அன்றைக்கு, நம் பிள்ளைகள் வீட்டில் நான் நம் பேத்தி பொடிசுக்கு ஒட்டகக் கதை படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு நாலு வயது. ஒரு சொல்லில் திக்கினேன். குழந்தை எதையோ கத்திவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். நீங்கள் வந்து, “குடுங்க, நான் படிக்கிறேன், புள்ள தப்புத் தப்பா கத்துக்கும்” என்று புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்தீர்கள். நான் அடுத்த பஸ்ஸில் கிளம்பினவள், இன்னும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பேத்தியைப் போன் திரையில்தான் பார்க்கிறேன்.

புத்தகம் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 11

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து உங்கள் தையலைப் போலவே நெருக்கமானது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

நீங்கள் கேட்ட வரிசை எங்கள் நூலகத்தில் இருக்கிறது. இளைஞர் அலமாரியில் அட்டை நைந்துபோய் நிற்கிறது. அதிகம் இரவல் போகும் நூல்களில் அதுவும் ஒன்று என்றார் நூலகர். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்த வரிசையை நீக்க வேண்டும் என்று நூலகக் குழுவில் இரண்டு முறை தீர்மானம் கொண்டுவந்தவளே நான்தான். இரண்டு முறையும் தோற்றேன்.

ஆகவே என் அட்டையில் அதைப் பதிவு செய்யச் சொன்னபோது நூலகர் எழுந்தே நின்றுவிட்டார். “அம்மா, உங்களுக்கா?” என்றார். “உறவினருக்கு” என்றேன். “எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க” என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி நடத்தியவளுக்கு இது தேவைதான். செய்தித்தாளில் சுற்றித்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தரம் எப்படி என்று தெரிந்துகொள்ள முதல் பத்துப் பக்கம் மட்டும் புரட்டினேன். நடை எளிமையானது. கருத்தாழம் இல்லை.

அந்த நாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் சொன்னது வாசிப்பைப் பற்றி, ஆளைப் பற்றி அல்ல. குழந்தை முதலில் கேட்பது பிழையின்றி இருக்க வேண்டும் என்பது என் தொழிலின் பாடம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பதினைந்து நாளில் திருப்பி அனுப்பவும். பக்க மூலைகளை மடிக்கக் கூடாது.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 23

சம்பந்தியம்மாவுக்கு,

புத்தகம் வந்து சேர்ந்த அன்று வகுப்பில் ஒருத்தியும் மெஷினைத் தொடவில்லை. ஒன்பது பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது மாதிரி. உங்களுக்கு நன்றி. ரொம்ப நன்றி. கோபத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு கையாலும்தான் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். முதல் பத்துப் பக்கம் மட்டும் புரட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் பிஸ்கட் தூள் இருந்தது. நூலகத்தில் பிஸ்கட் தின்ன விடுகிறார்களா என்ன?

சுருளி படத்தை எடுத்தேவிட்டாள் பார்த்தீர்களா. அவன் கண்ணைச் சிமிட்டவே இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது, அப்படியும் சிமிட்டவில்லை. அந்தப் படத்தோடு போய்விட்டான். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் காலையில் கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டுவிட்டு, யாரும் உட்காராத அந்த நாற்காலியை ஒரு முறை துடைக்கிறாளே, அதைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். குடித்துவிட்டு வந்து திரும்ப அதையே படித்தேன்.

ஒரு கூத்து நடந்தது. வாடிக்கையாகத் துணி கொடுக்கிற டாக்டரம்மா ஜாக்கெட் ஒன்று கொடுத்திருந்தார். நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவள் நான். துணியை மடித்துப் போட்டு இரண்டு கையும் ஒரே வெட்டில் வெட்டுவதுதான் முறை. அன்றைக்கு மனசு ஸ்டுடியோவில் இருந்தது. மடிக்காமல் ஒன்று வெட்டி, அதையே மேலே வைத்து இன்னொன்று வெட்டினேன். இரண்டும் இடது கை! முதல் நாள் வருகிறவள்கூடச் செய்யாத தப்பு. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. குண்டூசி மெதுவாக வந்து, “டீச்சர், மிச்சத் துணியில ஒட்டுப் போட்டு வலது கை நான் வெட்டித் தரட்டுமா?” என்றாள். ஒட்டு தெரியாமல், பூப்போட்ட இடம் பூவோடு சேரும்படி வெட்டினாள். போன மாதம் காஜாவில் ஓட்டையைத் தொலைத்தவளா இவள் என்று இருந்தது. என் தப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது போல.

அவளுக்கு நான் ரொம்பக் கடன்பட்டவள், சம்பந்தியம்மா. இந்த வயசில் யார் நமக்குப் புதுசாக ஒரு பைத்தியத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? மருந்து கொடுப்பார்கள், புத்திமதி கொடுப்பார்கள். இவள் ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தாள். கைம்மாறாக ஒரு வாரம் காஜா எடுப்பதிலிருந்து விடுதலை கொடுத்திருக்கிறேன்.

தினமும் மதியம் அரை மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, முந்தின நாள் நான் படித்ததை அவர்களுக்குக் கதையாகச் சொல்கிறேன். “சொல்லாதீங்க டீச்சர், படிங்க” என்று கேட்கிறார்கள். நான் சத்தமாகப் படிப்பதில்லை. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் பாகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூலை மடிக்கவில்லை. நாலாவது இருந்தால்…

உங்கள் சம்பந்தி


ஜூலை 2

சம்பந்திக்கு,

பிஸ்கட் என்னுடையதுதான். மேலே விசாரணை வேண்டாம்.

புத்தகம் வந்தது. மூலை மடிக்கவில்லை, ஆனால் பக்கமெல்லாம் சாக்பீஸ் கோடு. நூலகப் புத்தகத்தில் கோடிட்டால் கையை நீட்டச் சொல்லியிருப்பேன், அந்தக் காலமாக இருந்தால். ஈரமில்லாத துணியால் துடைக்க உட்கார்ந்தேன். துடைத்துக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி, மிச்சமிருந்த தடங்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

முதல் பத்துப் பக்கத்தில் நாற்பத்தொரு கோடு. கடைசிப் பத்துப் பக்கத்தில் மூன்று.

என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பத்தே நாளில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பரீட்சை பயமும் இல்லாமல், ஒருவர் இப்படி ஏறி வந்ததை நான் கண்டதில்லை. இதை நேரில் சொல்லியிருந்தால் என் முகம் கோணியிருக்கும். எழுத்தில் சொல்வது எளிது, நீங்கள் சொன்னது சரிதான்.

நான்காம் பாகமும் ஐந்தாம் பாகமும் அனுப்புகிறேன். முதல் இரண்டு பாகத்தையும் நான் படிக்க என் பெயரிலேயே எடுத்து வந்திருக்கிறேன். இம்முறை செய்தித்தாள் சுற்றவில்லை.

ஒரு செய்தி. மாதக் கடைசியில் பொடிசின் பள்ளியில் கட்டட வேலை, பத்து நாள் விடுமுறை. நீங்கள் சென்ற மாதம் தைத்து அனுப்பிய கவுன் அவளுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கிறதாம், மகள் சொன்னாள். குழந்தை வளர்கிறாள். போனில் பார்த்து எப்படி அளவெடுப்பது? ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள்.

தங்கள்,
சம்பந்தி


ஜூலை 15

சம்பந்தியம்மா,

கோடு எண்ணினதற்கு நன்றி. அந்த வரியை நாலு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஐந்தாவது முறையும் படித்தேன். வகுப்பில் எல்லாரிடமும் காட்டினேன். “ஹெட்மிஸ்ட்ரஸ் சர்டிபிகேட் கொடுத்திருக்காங்கடி” என்று சொன்னேன். என்னை டீச்சர் என்று கூப்பிடுகிற ஒன்பது பேர் முன்னால் எனக்கும் ஒரு டீச்சர் மார்க் போட்டிருக்கிறார் என்பது சின்ன விஷயமா?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் நீங்கள். கவுன் சின்னதாகிவிட்டது என்று எனக்கே எழுதுகிறீர்கள். வாசிப்பு உங்கள் தொழில், நீங்கள் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன். அளவு என் தொழில். என் அளவு தப்பு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. சொன்னது யார் என்று பார்த்தால் நீங்கள். அதிலும் நீங்கள் சொன்னது சரி. அதுதான் சுடுகிறது.

போ, போய்ப் பார் என்கிறீர்கள். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? போன் திரையில் அவள் பல் விழுந்த வாயைக் காட்டினபோது நான் இந்தப் பக்கம் கையை நீட்டிவிட்டேன். போன் கண்ணாடியில்தான் இடித்தது. ஆனால் போனால் என்ன நடக்கும்? பொடிசு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்வேன். அடுத்த நாள் தலை வலி என்பேன். மூன்றாம் நாள் என்ன சொல்வேன்? கோடு குறைந்தது மனசுக்குள் படிக்கும்போது. வாயைத் திறந்தால் அந்தக் குழந்தையின் சிரிப்பு காதில் கேட்கிறது, நாக்கு அப்படியே நின்றுவிடுகிறது. நாலு வயசுக் குழந்தை சிரித்ததற்கே ஊரைவிட்டு ஓடி வந்தவள் நான். இப்போது ஆறு வயசு. என்னைவிட நன்றாகப் படிப்பாள். எதற்கு அவள் முன்னால் இரண்டாம் தரம் போய் நிற்க வேண்டும்? அவள் மனசில் நான் கவுன் தைக்கிற பாட்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதில் எனக்குத் தோல்வி இல்லை.

இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

நாலும் ஐந்தும் முடித்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்து அவன் திரும்பி வருகிறான், அதுவும் வெள்ளிக்கிழமை வருகிறான்! வெள்ளிக்கிழமை ஸ்டுடியோ விடுமுறை. பூட்டின கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான், பாகம் முடிந்துவிட்டது. குண்டூசி, “அய்யோ டீச்சர்!” என்று கத்தினதில் எங்கள் வகுப்புக்குக் கீழே இருக்கிற மருந்துக்கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். என்னம்மா ஆச்சு என்றார். சொன்னோம். “அப்புறம் கதவைத் திறந்தாளா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு நாளாகத் தினமும் வந்து கேட்கிறார்.

ஆறாம் பாகத்தை உடனே அனுப்புங்கள். கோபம் கோபமாக இருக்கட்டும், புத்தகம் புத்தகமாக வரட்டும்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 24

அன்புள்ள சம்பந்திக்கு,

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத்தான் போகிறேன். உங்களால் குறுக்கே பேச முடியாது.

அன்று நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு அந்த ஒட்டகக் கதையை நான் முழுவதும் படித்தேன். பிழையில்லை, தடங்கல் இல்லை, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது. முடிந்ததும் பொடிசு என்னைப் பார்த்து, “நீ நிக்கவே மாட்டேங்கிற” என்றாள். எனக்குப் புரியவில்லை. “தையல் பாட்டி நிப்பாங்க. அப்ப நான் சொல்லுவேன்” என்றாள்.

நீங்கள் ‘பாலைவனத்தில்’ என்ற சொல்லில் நின்றீர்கள். “ஒட்டகம் பா… பா…” என்றீர்கள். அவள் “பாத்ரூம்ல!” என்று கத்தினாள். உங்கள் காதில் அது விழவில்லை போலிருக்கிறது, சிரிப்பு மட்டும் விழுந்திருக்கிறது. அவள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சம்பந்தி. ஒட்டகம் பாத்ரூமில் நடந்து போவதை நினைத்துச் சிரித்தாள். நீங்கள் நின்ற ஒவ்வோர் இடத்திலும் அந்தக் கதைக்குள் அவளுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. நான் வந்து எல்லாவற்றையும் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் புத்தகம் கொண்டுவருவதில்லை. “டீச்சர் பாட்டி படிச்சா பரீட்சை மாதிரி இருக்கு” என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் மகள் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். அவள் சிரித்த விதத்தில், அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் தோற்றவள் நானாகிவிடுவேன் என்ற ஒரே காரணம்தான். குழந்தையை உங்களிடமிருந்து பிரித்தது உங்கள் கோபம் என்று எல்லாரையும் நம்பவிட்டேன். நீங்களும் அப்படியே நம்பினீர்கள். மன்னித்துவிடுங்கள். இந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் கை ஒடிந்துவிடவில்லை.

நன்றியும் சொல்ல வேண்டும், உங்களுக்கும் அந்தக் குண்டூசிக்கும். முதல் பாகத்தைப் படிக்க உட்கார்ந்தபோது கையில் சிவப்புப் பேனா இருந்தது. பழக்கம். எழுபதாம் பக்கம் வாக்கில் கையைப் பார்த்தேன், பேனா இல்லை. நாற்காலிக்கு அடியில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியாது. திருத்தாமல் ஒரு புத்தகத்தை நான் கடைசியாகப் படித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அடுத்த நாள் நூலகத்துக்குப் போய், நான் கொண்டுவந்த தீர்மானங்கள் இரண்டும் தவறு என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். நூலகர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

இனி ஆறாம் பாகம். அதை உங்களுக்கு அனுப்பவில்லை. நம் பிள்ளைகள் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டேன். படிக்க வேண்டுமானால் அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் அனுப்ப மனம் வராது.

மருந்துக்கடைக்காரரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 7

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எங்கிருந்து எழுதுகிறேன் என்று உறையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள். வகுப்பைக் குண்டூசியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து ஆறு நாளாகிறது. சாவியைக் கொடுத்தபோது, “முடிவு தெரியாம வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டோம்” என்று மிரட்டித்தான் அனுப்பினாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், ஒட்டகத்தை நினைத்து. அப்புறம் உங்கள் மேல் கோபம் வந்தது, இரண்டு வருஷக் கோபம், ஒரே மூச்சில். பையில் துணியை அடுக்கிக்கொண்டே உங்களைத் திட்டினேன். பை நிறைந்தபோது திட்டுத் தீர்ந்துபோயிருந்தது. உண்மையை யாருக்கும் தெரியாமல் சாகும்வரை வைத்திருந்திருக்கலாம் நீங்கள். என்னிடம் கொடுத்தீர்கள். அதற்கு நான் என்ன சொல்ல? நல்லா இருங்கள்.

பொடிசு வாசலில் நின்றாள். நான் முதலில் டேப்பைத்தான் எடுத்தேன், வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. நாலரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள், சம்பந்தியம்மா. அளந்துகொண்டிருக்கும்போதே, “இப்ப படிக்கலாமா?” என்றாள். கண்ணாடி என் மூக்கு மேலேயே இருந்தது, பொய் சொல்ல வழியில்லை. உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், வாயைத் திறந்தபடி தயாராக இருக்கிறாள், ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. “குதிரை வே… வே…” என்றேன். “வேலைக்குப் போச்சு!” என்றாள். வேகமாகப் போச்சு என்றுதான் போட்டிருக்கிறது. அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது, அதையே வைத்துக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆறு நாளில் நான் நிற்பது குறைந்துவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. “நில்லு பாட்டி, நில்லு” என்று சட்டம் போடுகிறாள். அவளுக்காக வேண்டுமென்றே நாலு இடத்தில் நிற்கிறேன்.

நேற்று மதியம் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பொடிசு, “உன் புக்கைப் படி” என்று ஒரே பிடிவாதம். சரி என்று ஆறாம் பாகத்தை எடுத்துச் சத்தமாகவே படித்தேன். சுருளி கதவைத் திறக்கிறாள். திறந்துவிட்டு, “இன்னிக்கு லீவு” என்கிறாள்! மூன்று வருஷம் காத்திருந்தவள் பேசுகிற பேச்சா அது? நான் படித்துக்கொண்டே போனேன். பிள்ளைக்கு ஆகாத இடம் வந்தது. நைசாக இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்ந்தேன்.

பக்கத்து அறையிலிருந்து உங்கள் மகள் குரல் கேட்டது. தலைவலி என்று லீவு போட்டுப் படுத்திருந்தாள். “அத்தை, இப்ப ரெண்டு பக்கம் தாண்டினீங்க.”

“புள்ள இருக்கும்மா.”

“அவ தூங்கி கால் மணி நேரம் ஆச்சு.”

குனிந்து பார்த்தேன். நிஜம்தான், என் சேலை முந்தானையைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். நான் யாருக்காகப் படித்துக்கொண்டிருந்தேன் என்றே தெரியவில்லை. உங்கள் மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் தரையில் படுத்தாள். “தாண்டினதையும் படிங்க” என்றாள்.

படித்தேன். சத்தமாக, முத்தத்தோடு. என் மருமகளுக்கு! மாமியார் மருமகள் உறவில் இது எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் திக்கினேன். இரண்டு இடத்திலும் அவள் கண்ணை மூடிக்கொண்டே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தாள். என் மகன் வேலை முடிந்து வந்து பார்த்தான், மூன்று பேரும் தரையில் கிடக்கிறோம், சாயங்கால விளக்குகூடப் போடவில்லை. “வீட்டுல என்ன நடக்குது?” என்றான். “சும்மா இருங்க” என்றாள் அவள்.

அப்புறம் என் பக்கம் திரும்பிப் படுத்து, “அம்மாவும் இதைப் படிச்சாங்களா அத்தை? நெசமாவா? பேனா இல்லாமலா?” என்று கேட்டாள். உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது தப்பென்றால் மன்னியுங்கள். படித்துவிட்டு மடித்து, என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் பதினெட்டுப் பக்கம் இருக்கிறது. நாங்கள் நிறுத்திவிட்டோம். அவள்தான் சொன்னாள், “அம்மா வரட்டும்” என்று. பொடிசும், “டீச்சர் பாட்டியும் நிக்கக் கத்துக்கட்டும்” என்றாள். என் ஜென்மத்தில் இவ்வளவு பெரிய சோதனையை நான் பட்டதில்லை. புத்தகத்தை உயரமான அலமாரி மேலே வைத்திருக்கிறார்கள். பொடிசுக்கு எட்டாது. எனக்கு ஸ்டூல் போட்டால் எட்டும்.

சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேல் நான் பொறுப்பில்லை.

உங்கள் வரவை எதிர்பார்த்து ஸ்டூல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
சம்பந்தி